கேளுங்கள், சொல்கிறோம்: விடுதியில் தங்குவதா, வீட்டிலிருந்து போய்வருவதா?

கேள்வி: ஐயா, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகி, முதலாம் ஆண்டில் சேரவிருக்கிறேன். ஊர் களுதாவளை, அப்பா வெற்றிலைத் தோட்டம் செய்கிறார். விடுதிக்கு விண்ணப்பிக்குமாறு கடிதம் வந்துள்ளது. “வீட்டில் சோறு இருக்க, ஏன் வெளியில் கிடந்து காய வேண்டும்? பஸ்ஸில் போய்வரலாம்” என்கிறார் அம்மா. மூத்த மாணவர்கள் செய்யும் பகிடிவதையை நினைத்தும் அஞ்சுகிறார். அம்மம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார்; இரவில் அவரைக் கவனிப்பது நான்தான். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி, களுதாவளை

பதில்: மகள், நீங்கள் படிக்கப்போவது எந்த வளாகத்தில் என்பதில்தான் இதற்கான பதில் தொடங்குகிறது. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குத் தெரிவாகியிருந்தால், ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பலாம் என்பதால், வீட்டிலேயே இருங்கள் என்று ஒரு வரியில் எழுதி முடித்திருப்பேன். விஞ்ஞான பீடமோ வந்தாறுமூலையில் இருக்கிறது. களுதாவளையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு 25 கிலோமீற்றருக்கு மேல். நகரிலிருந்து வடக்கே வளாகத்துக்கு மேலும் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். புகையிரதப் பாதை மட்டக்களப்பு நகரோடு முடிந்துவிடுவதால், நகருக்குத் தெற்கே இருக்கும் உங்களுக்கு அது உதவாது. கல்முனைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் ஏறி, நகரில் இறங்கி, ஏறாவூர், செங்கலடி ஊடாகச் செல்லும் பஸ்ஸுக்கு மாற வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வழிக்கு 2 மணித்தியாலம் என்று வைப்பதே நேர்மையான கணக்கு.

அந்தக் கணக்கை அம்மாவுக்கும் போட்டுக் காட்டுங்கள். நாளுக்கு 4 மணித்தியாலம் என்றால், வாரத்தில் ஐந்து நாட்களுக்கு 20. பதினைந்து வாரங்கள் கொண்ட ஓர் அரையாண்டுக்கு 300. நமது பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 50 மணித்தியாலக் கற்றலாகக் கணக்கிடப்படுவதால், மூன்று கிரெடிட் கொண்ட இரண்டு பாடங்களைப் படித்து முடிக்கத் தேவையான நேரத்தை ஒவ்வோர் அரையாண்டும் பஸ்ஸில் செலவழிக்கப்போகிறீர்கள் என்று பொருள். பஸ்ஸிலேயே படிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். காலை நேரத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போய்ப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஆய்வுகூடச் செய்முறைகள் பிற்பகல் முழுவதும் நீளக்கூடியவை. மார்கழியில் நம் கரையில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. கார்த்திகை முதல் தை வரை மழையில் பஸ் தாமதித்தால் முதல் விரிவுரை போய்விடும். வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சைக்கு அமர முடியாத நிலை ஏற்படும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆகவே விண்ணப்பியுங்கள் என்பதே என் கருத்து. இவ்வாறு சொல்வதற்கு நேரக் கணக்கைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விடுதியை இன்று ஏற்றுக்கொண்டு, பிடிக்காமல் மூன்றாம் மாதம் வீட்டுக்குத் திரும்பினால் உங்களை யாரும் தடுக்கப் போவதில்லை. இன்று வேண்டாம் என்று விட்டுவிட்டு, மார்கழி மழையில் போய் இடம் கேட்டால் கட்டில் காலியாக இருக்காது. பொதுவாக விடுதிகளில் முதலாம் ஆண்டினருக்கும் இறுதி ஆண்டினருக்குமே முன்னுரிமை கிடைப்பதால், இடையிலுள்ள ஆண்டுகளில் எப்படியும் நீங்கள் போய்வரவோ வெளியில் அறை எடுக்கவோ நேரிடலாம். அப்போது வளாகத்தையும் தோழிகளையும் பஸ் நேரங்களையும் நன்கு அறிந்த ஒருவராக அந்த முடிவை எடுப்பீர்கள். ஆனால், விண்ணப்பிக்குமாறு வந்த கடிதம் இடம் கிடைத்ததற்கான கடிதம் அன்று. தூரமும் குடும்ப வருமானமும் பார்க்கப்படும். ஒரே மாவட்டம் என்பதால் பின்னுக்குத் தள்ளப்படவும் கூடும். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை இந்த வாரமே பெற்று, இரண்டு பஸ் மாற வேண்டியிருப்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள்.

பகிடிவதை பற்றிய அம்மாவின் அச்சம் வெறும் அச்சமன்று. அப்படி எதுவும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனினும், வீட்டிலிருந்து போய்வருவது அதற்குக் காப்பு என்று நினைப்பது தவறு: பஸ் தரிப்பிடத்திலும் சிற்றுண்டிச்சாலையிலும் அது நடக்கும், அங்கே காப்பாளர் இருப்பதில்லை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையை 2 ஆண்டுகள் வரை கடூழியச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. முதல் நாள் அப்பாவோ அம்மாவோ உடன் வந்து, விடுதிக் காப்பாளரைச் சந்தித்து, அவருடைய தொலைபேசி இலக்கத்தைப் பெற்றுச் செல்வது நல்லது. பெற்றோர் முகம் தெரிந்த பிள்ளை என்பதற்கு ஒரு மரியாதை உண்டு.

அம்மம்மாவின் விடயம்தான் எனக்கும் கடினமாக இருக்கிறது. அதிகாலை ஐந்தரைக்குப் புறப்பட்டு இரவு ஏழு மணிக்குத் திரும்பும் ஒருவர், நள்ளிரவில் எழுந்து முதியவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு மறுபடியும் ஐந்தரைக்குப் புறப்படுவது எத்தனை வாரத்துக்கு நடக்கும்? நம் பகுதியில் பெண்மக்களுக்கே வீடு எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருப்பதால், பெரியம்மாவோ சின்னம்மாவோ பெரும்பாலும் அடுத்த வளவிலேயே இருப்பார்கள். வார நாட்களின் இரவுகளை அவர்கள் பங்கிட்டுக்கொள்ளட்டும். அண்ணன், தம்பி இருந்தால் அவர்களுக்கும் கை இருக்கிறது. வெள்ளி மாலை ஊருக்கு வந்து, ஞாயிறு இரவு வரை அம்மம்மாவோடு இருங்கள்.

செலவைப் பொறுத்தவரை, விடுதிக் கட்டணம் வெளியில் அறை எடுக்கும் வாடகையோடு ஒப்பிடத் தக்கதன்று. சாப்பாட்டுக்குத்தான் காசு போகும். மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் பெரும் உதவி. மாதம் 5,000 ரூபாயாக இருந்த அதை 7,500 ரூபாயாக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஆனால் முதல் தவணை கைக்கு வரத் தாமதமாகும் என்பதால், முதல் சில மாதங்களுக்கான பணத்தை அப்பா இப்போதே ஒதுக்கி வைக்கட்டும்.

கேள்வி: மகனுக்குத் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்துள்ளது. ஒலுவில் எங்களுக்குத் தூரமில்லை என்பதால் விடுதி தேவையில்லை என எண்ணுகிறேன். சரியா?
— ஒரு தந்தை, திருக்கோவில்

பதில்: ஐயா, ஒலுவிலாக இருந்தால் சரி, அக்கரைப்பற்றைக் கடந்தால் அதே கரையோர வீதியில் வளாகம் வந்துவிடும். ஆனால் நீங்கள் குறிப்பிடும் பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. மகன் ஒலுவிலையும் நிந்தவூரையும் தாண்டிக் காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, மாவடிப்பள்ளி வழியாகப் போக வேண்டியிருக்கும். வயல்களுக்கு நடுவே செல்லும் அந்த வீதியை மாரியில் வெள்ளம் மறிப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். விடுதிப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்.

கேள்வி: வந்தாறுமூலையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், இம்முறை விடுதி இல்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரவா, நண்பர்கள் மூவரோடு செங்கலடியில் போடிங் (வாடகை அறை) எடுக்கவா?
— ஒரு மாணவன், படுவான்கரை

பதில்: தம்பி, 2014 இல் வாவிக்கு மேலான மண்முனைப் பாலம் திறக்கப்பட்டு, பாதைப் படகுக்குக் காத்திருந்த காலம் போனது உண்மைதான், ஆனால் விடியுமுன் வீதியில் படுத்திருக்கும் மாடுகளும், படுவான்கரையில் இறங்கும் யானைகளும் போகவில்லை. போடிங் எடுங்கள். முற்பணத்துக்குக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். மின்சாரப் பட்டியல் தனி மானியிலா, வீட்டுக்காரரின் மானியிலா என்பதைக் கேளுங்கள். சாவி வாங்குமுன் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.