முப்பது வயதுக்கு மேல் புதிய மொழி கற்பவருக்கு இலக்கணம் வேண்டுமா?

தமக்கு முப்பத்து நான்கு வயது என்றும், மூன்று மாதங்களாகப் புதிய மொழி ஒன்றைக் கற்று வருவதாகவும் கூறும் அன்பர், இலக்கணத்தைத் தொடாமல் குழந்தையைப் போலக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்ள முடியாதா என்று கேட்டிருக்கிறார். நான் ஜெர்மன் மொழியை முப்பத்தாறாம் வயதில் தொடங்கியவன். முதல் ஆண்டு முழுவதும் இலக்கணத்தை ஒதுக்கி வைத்தேன். இரண்டாம் ஆண்டில் அதையே கட்டிக்கொண்டு அழுதேன். இரண்டிலும் பட்ட பாட்டுக்குப் பிறகு என் முடிவு இதுதான்: இலக்கணம் வேண்டும். ஆனால் பேசும் நேரத்தில் வாய்க்கு வந்து உதவும் என்று நம்பி அதைப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனென்றால் அது முதலில் பழக்குவது நம் காதை.

குழந்தையைப் போலக் கற்பது என்ற பேச்சை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு குழந்தை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தன்னைச் சுற்றிலும் மொழியைக் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து வயதுக்குள் 14,600 மணி நேரம் ஆகிறது. வேலையும் குடும்பமும் உள்ள நாம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதே பெரிது. அந்தக் கணக்கில் அதே அளவு கேட்டு முடிக்க நமக்கு நாற்பது ஆண்டுகள் தேவை. அந்தக் காலத்தைச் சுருக்க நம்மிடம் இருக்கும் வழிகளில் ஒன்றுதான் இலக்கணம். குழந்தை ஆயிரம் வாக்கியங்களிலிருந்து தானே உருவிக்கொள்ளும் ஒழுங்கை, வளர்ந்தவருக்கு ஒரு பத்தியில் சொல்லிவிட முடிகிறது.

வயதைப் பற்றிய அச்சத்தைப் பொறுத்தவரை, அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏறக்குறைய 6.7 லட்சம் பேரிடம் ஆங்கில இலக்கணத்தைச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, இலக்கணத்தைக் கற்கும் திறன் பதினேழு வயதை ஒட்டிய காலம் வரை நீடித்து, அதன் பிறகு குறைகிறது என்று மதிப்பிட்டது. குறைகிறது என்றால் அற்றுப்போகிறது என்று பொருளாகாது. பிறந்தது முதல் பேசுபவரைப் போலவே ஆகிவிட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால், இந்த ஆய்வைக் கண்டு தூக்கம் கெட வேண்டியதில்லை.

எனக்குக் கண் திறந்தது மொழியியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட் எழுதிய இரண்டு ஆய்வுகளைப் பற்றி அறிந்த பிறகுதான். ஹவாய்க்குக் குடியேறிய முப்பத்து மூன்று வயது ஜப்பானிய ஓவியர் ஒருவரை, வெஸ் என்ற புனைபெயரிட்டு, அவர் மூன்று ஆண்டுகள் கவனித்து 1983-இல் எழுதினார். வெஸ் வகுப்புக்குச் செல்லாமல், மக்களோடு பழகியே ஆங்கிலம் கற்றவர். கூச்சமின்றிக் கலகலப்பாகப் பேசுபவர். சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதில் அவருக்குக் குறையே இல்லை. ஆயினும் மூன்று ஆண்டுகளின் முடிவில் அவருடைய இலக்கணம் தொடங்கிய இடத்திலிருந்து அதிகம் நகரவில்லை. பின்னர் ஷ்மிட் தாமே பிரேசிலில் சில மாதங்கள் தங்கிப் போர்த்துகீசிய மொழி கற்று, நாள்தோறும் குறிப்பெழுதி, தம் பேச்சைப் பதிவுசெய்து, 1986-இல் சில்வியா ஃப்ரோட்டாவுடன் சேர்ந்து அதை வெளியிட்டார். வகுப்பில் சொல்லிக்கொடுத்த வடிவங்கள் எல்லாம் அவர் வாயில் வந்துவிடவில்லை. பிறர் பேசும்போது அவர் காதில் தனியாகத் தட்டுப்பட்டவையே பெரும்பாலும் அவர் பேச்சிலும் வந்தன. வெறும் பழக்கமும் போதவில்லை, வெறும் பாடமும் போதவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

இதை என் காதாலேயே உணர்ந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். விருந்தினர் வருவதற்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்தும் ஒருவரைப் பற்றிய இரண்டு நிமிட ஒலிப்பதிவைக் கேட்டு, அப்படியே எழுதி வரும்படி ஆசிரியை சொல்லியிருந்தார். சாவி மேசை மேல் கிடக்கிறது, புத்தகத்தை மேசை மேல் வைக்கிறார் என்பன போன்ற எளிய வாக்கியங்கள்தாம். தமிழில் இரண்டுக்கும் ‘மேசை மேல்’ என்பதே போதும். வேறுபாட்டை வினைச்சொல் பார்த்துக்கொள்ளும். ஜெர்மனிலோ, பொருள் அங்கே இருந்தால் ‘அவுஃப் டேம் டிஷ்’, அங்கே கொண்டுபோய் வைத்தால் ‘அவுஃப் டேன் டிஷ்’. நான் எல்லா இடத்திலும் ‘டேம்’ என்றே எழுதியிருந்தேன். என் தாளில் ஏழு இடங்களில் சிவப்பு வட்டம். ஆசிரியை விதி எதையும் ஒப்பிக்கவில்லை, ஒவ்வொரு வட்டத்தின் மீதும் விரலை வைத்து, “பொருள் அங்கே இருக்கிறதா, அங்கே போகிறதா?” என்று மட்டும் கேட்டார். ஐந்தாவது வட்டத்துக்கு வரும்போது அவர் கேட்பதற்கு முன்பே நான் விடை சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அன்றிரவு அதே ஒலிப்பதிவை மீண்டும் போட்டபோது, முன்பு பத்து முறை கேட்டும் பிடிபடாத அந்த ‘ன்’ ஒவ்வொரு இடத்திலும் தெள்ளத் தெளிவாகக் கேட்டது. மகரத்தையும் னகரத்தையும் பிரித்தறியத் தமிழ்க் காதுக்குத் தெரியாமல் இல்லை. அந்த இடத்தில் அவற்றால் பொருள் மாறுகிறது என்று தெரியாததால், காது அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தது. நான் அதுவரை கேட்ட நூற்றுக்கணக்கான மணி நேரத்தில் இந்த வேறுபாடு எத்தனை முறை என்னைக் கடந்து போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் சற்று எரிச்சலாகவே இருக்கிறது.

தாய்மொழி குறுக்கே நிற்கும் என்று சொல்வதுண்டு. என் அனுபவத்தில் தமிழைவிட ஆங்கிலமே அதிகம் குறுக்கே நின்றது. ‘எனக்குக் குளிர்கிறது’ என்று தமிழில் நான்காம் வேற்றுமையில் சொல்வதைப் போலவே ஜெர்மனிலும் ‘மிர் இஸ்ட் கால்ட்’, அதாவது ‘எனக்கு’ என்றுதான் தொடங்க வேண்டும். நானோ ஆங்கில வழக்கத்தில் ‘இஷ் பின் கால்ட்’ என்று சொல்லி, நான் ஈரநெஞ்சம் இல்லாதவன் என்று பொருள்படும்படி என்னை நானே அறிமுகப்படுத்திக்கொண்டேன். ‘அவன் இன்று வருகிறான் என்று எனக்குத் தெரியும்’ என்பதில் ‘அவன் இன்று வருகிறான்’ என்னும் பகுதியை ஜெர்மனில் ‘தஸ் எர் ஹொய்டெ கோம்ட்’ என்பார்கள். வினை கடைசியில், தமிழைப் போலவே. வாழ்நாள் முழுவதும் வினையைக் கடைசியில் வைத்துப் பேசிய நான், அங்கே மட்டும் அதை இழுத்து நடுவில் வைத்துக்கொண்டிருந்தேன். ‘நேற்று வந்த கடிதம்’ போன்ற நம்முடைய பெயரெச்சத் தொடருக்கும், ஜெர்மன் எழுத்து நடையில் பெயருக்கு முன்னால் நீண்டு வரும் அடைத்தொடருக்கும் நல்ல ஒற்றுமை உண்டு. பாடநூல் ஆங்கிலம் வழியாக விளக்கியதால், இந்த உறவுகளையெல்லாம் நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே எந்த மொழியைக் கற்றாலும், ஒவ்வொரு விதியையும் தமிழில் எப்படிச் சொல்வோம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த வேற்றுமையும் எச்சமும் முற்றும் அப்போது கைகொடுக்கும்.

விதியால் பிடிபடாத பகுதிகளும் உண்டு. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டிலும் சேராத பொதுப்பால். நமக்கோ மூன்றும் அஃறிணை, அத்தோடு முடிந்தது. பெண் குழந்தையைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ பொதுப்பாலாக இருப்பதற்குக்கூட ஒரு காரணம் உண்டு: ‘ஷென்’ என்னும் குறுமைப்பொருள் விகுதி ஏற்ற பெயர்கள் எல்லாம் பொதுப்பால். கரண்டிக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. இத்தகையவற்றை ஏன் என்று கேட்காமல், பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் என்னும் முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

படிக்கும் முறையில் நான் செய்த பெரிய தவறு, இரண்டாம் ஆண்டில் வேற்றுமை அட்டவணைகளை நெட்டுருப் போட்டது. தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தது. பேச வாயைத் திறந்தாலோ, மனத்துக்குள் அட்டவணையைப் புரட்டி முடிப்பதற்குள் எதிரே இருந்தவர் வேறு பேச்சுக்குப் போயிருந்தார். இப்போது வாரத்துக்கு ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதை முதல் நாள் அரை மணி நேரம் படித்துவிட்டு, மீதி ஆறு நாளும் வாசிப்பதிலும் கேட்பதிலும் அதை வேட்டையாடுகிறேன். கண்ட வாக்கியங்களை முழுமையாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். வார இறுதியில் அந்த வாக்கியங்களைப் போல என் வாழ்க்கையைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதி, தெரிந்தவர் ஒருவரிடம் திருத்தத் தருகிறேன். பயிற்சிநூலில் கோடிட்ட இடத்தை நிரப்புவதைவிட இது மெதுவாகத்தான் நகரும். ஆனால் நிரப்பிய கோடுகளில் ஒன்றுகூட எனக்கு இப்போது நினைவில் இல்லை. குறிப்பேட்டு வாக்கியங்களில் பல இருக்கின்றன.

மூன்று மாதம் ஆகியிருப்பதாகச் சொன்னீர்கள். இதுவரை கேட்டுவந்ததை நிறுத்த வேண்டாம். உங்களைத் திரும்பத் திரும்பக் குழப்பும் ஒரே ஒரு இடத்தை மட்டும் இந்த வாரம் இலக்கண நூலில் தேடிப் படித்துவிட்டு, பழைய ஒலிப்பதிவையே மறுபடி கேளுங்கள். எனக்கு இன்றும் வேகமாகப் பேசும்போது டேமும் டேனும் மாறிப்போகின்றன. வாய் தவறிய மறுகணமே காது அதைப் பிடித்துவிடுகிறது. அவகாசம் இருந்தால் திருத்திச் சொல்கிறேன், இல்லையென்றால் பேச்சைத் தொடர்கிறேன்.