காரணம் கண்டறியப்படாத வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளையை எவ்வாறு வளர்ப்பது?

உங்கள் மூன்று வயது மகளுக்கு நடையும் பேச்சும் பிந்தியுள்ளன. மரபணுக் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் கூறியும் நோயின் பெயர் இன்னும் தெரியவில்லை. அது தெரியும்வரை என்ன செய்வது, இரண்டாவது பிள்ளையைப் பற்றி நினைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலையிலுள்ள பத்து வயது மகனைத் திருகோணமலையில் வளர்க்கும் தாய் என்ற வகையில் இதை எழுதுகிறேன். அவனுக்கும் இன்றுவரை பெயர் கிடைக்கவில்லை.

பெயரைத் தேடுவதும் பிள்ளையைப் பயிற்றுவதும் தனித்தனி வேலைகள். முதலாவது முடிந்த பிறகுதான் இரண்டாவதைத் தொடங்கலாம் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. பேச்சுப் பயிற்சியையும் பிசியோதெரபியையும் பிள்ளையால் இப்போது எது முடிகிறது, எது முடியவில்லை என்று பார்த்தே தொடங்குகிறார்கள்; அதற்குப் பெரும்பாலும் மரபணு அறிக்கை தேவைப்படுவதில்லை. அதேவேளை, பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று தேடலைக் கைவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. சில நோய்களுக்கு மருந்தோ உணவு மாற்றமோ உண்டு. சிலவற்றில் இதயத்தையோ சிறுநீரகத்தையோ முன்கூட்டியே கவனிக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உடலியக்கம், பேச்சு, புரிதல், பழகுதல் ஆகியவற்றுள் இரண்டிலோ அதற்கு மேற்பட்டவற்றிலோ கணிசமாகப் பின்தங்கியிருந்தால், பன்முக வளர்ச்சித் தாமதம் என்று எழுதுவார்கள். அது நிலையைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. மரபணுவுக்குப் போகுமுன் எளிதானவை பார்க்கப்பட்டுவிட்டனவா என்று கேளுங்கள். தைரொய்ட் குறைபாடு சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்; அதற்கு மாத்திரையும் உண்டு. கதவு அடிபட்டால் திரும்பிப் பார்க்கிறாள், ஆகவே காது கேட்கிறது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். தாழ்ந்த ஒலிகள் கேட்டும், ‘ஸ’ போன்ற கூரிய ஒலிகள் கேட்காமல் இருக்கும் பிள்ளைகள் உள்ளனர். சொல்லிக்கொண்டிருந்த சொல்லை அவள் விட்டுவிட்டாலோ, பொருளைப் பிடித்து விளையாடிய கை பிடிக்காமல் போனாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம். பெரும்பாலும் பெண் பிள்ளைகளில் காணப்படும் ரெட் சிண்ட்ரோம் அவ்வாறுதான் வெளிப்படும். எம்இசிபி2 என்ற மரபணுவின் மாற்றமே அதற்குக் காரணம் என்பது 1999இல் கண்டறியப்பட்டது.

இனி வீட்டு வேலை. கிளினிக்கில் கிடைப்பது அரை மணி நேரம். மீதி நாள் முழுவதும் நம்முடையது. பேச்சுப் பயிற்சியாளர் கற்றுத்தந்தவற்றுள் எங்களுக்கு மிகவும் உதவியது மிகச் சிறிய ஒன்று. மகனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் என் சட்டையைப் பிடித்துக் குசினிக்கு இழுப்பான். கப்பை என் முகத்தருகே உயர்த்திப் பிடித்து, “தண்ணி” என்று ஒருமுறை மட்டும் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்துவரை எண்ணிக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டும். தொடக்கத்தில் கப்பை மட்டும் பார்த்தான். பிறகு என் வாயைப் பார்க்கத் தொடங்கினான். ஒரு நாள் நாக்கைப் பல்லில் வைத்து “த்த” என்றான். அந்த ஒலிக்கே தண்ணீர் கொடுத்தோம். அந்தக் காத்திருப்பு அம்மம்மாவுக்குத்தான் பொறுக்காது: “பிள்ளை விடாயில நிக்குது, முதல்ல குடு, பிறகு படிப்பி” என்பார். எல்லா வீட்டிலும் ஓர் அம்மம்மா இருப்பார். அவரையும் பயிற்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். நடைக்கு, உப்புவெளிப் பக்கம் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடக்க விடுவது சமநிலைக்கு நல்ல பயிற்சி. அதற்குச் செலவும் இல்லை.

மரபணுப் பரிசோதனை ஒன்றல்ல, பல. காரியோடைப் என்பது, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் பெரிய மாற்றங்களையும் காட்டும். டவுன் சிண்ட்ரோம் அதில் தெரியும். மைக்ரோஅரே, குரோமோசோமில் நுண்ணோக்கிக்கு எட்டாத சிறு துண்டுகள் குறைந்திருந்தாலோ கூடியிருந்தாலோ காட்டும். எக்ஸோம், மரபணுக்களில் புரதங்களை உருவாக்கும் பகுதிகளை எழுத்தெழுத்தாக வாசிக்கும். வளர்ச்சித் தாமதத்தை உண்டாக்கும் ஃபிராஜைல் எக்ஸ் என்ற மரபணு நோய் இவற்றில் வழமையாகப் பிடிபடாது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. ஆகவே ‘ஜெனடிக் டெஸ்ட் நோர்மல்’ என்று யாராவது சொன்னால், எந்த டெஸ்ட் என்று கேளுங்கள். 2023இல் வெளியான பிரித்தானிய, அயர்லாந்து ஆய்வொன்றில், கடுமையான வளர்ச்சிக் குறைபாடுள்ள 13,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ 41 சதவீதத்தினருக்கே காரணம் கிடைத்தது. அவ்வளவு வசதியுள்ள இடத்திலேயே பாதிப் பேருக்கு மேல் பெயரில்லாமல்தான் இருக்கிறார்கள். ‘முக்கியத்துவம் உறுதியற்ற மாற்றம்’, அதாவது நோய்க்குக் காரணமா இல்லையா என்று இன்னும் சொல்ல முடியாத மாற்றம், என்று அறிக்கை வந்தால், அதை நோயாகவும் எடுக்க வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். புதிய மரபணுக்கள் தொடர்ந்து கண்டறியப்படுவதால், பழைய தரவையே சில ஆண்டுகளின் பின் மீளாய்வு செய்தபோது விடை கிடைத்த குடும்பங்கள் உண்டு.

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகு 1983இலிருந்து இயங்குகிறது. உங்கள் குழந்தை நல மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு செல்லலாம். இரவு முழுவதும் பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போய், காலையில் மருத்துவர் கேட்கும்போது எல்லாம் மறந்துவிடும். எனவே எப்போது தலை நின்றது, எப்போது உட்கார்ந்தாள், எப்போது வலிப்பு வந்தது என்பதை ஒரே தாளில் எழுதி, சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவரிடம் மொழிபெயர்த்து வைத்திருங்கள். பிறந்தபோது தந்த சுகாதாரப் பதிவுப் புத்தகமும் வேண்டும். மிட்வைஃப் மிஸ் அதில் குறித்த தலைச் சுற்றளவு மரபியல் மருத்துவருக்கு உண்மையிலேயே பயன்படும். வலிப்போ வினோதமான அசைவோ வந்தால் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். நாம் வாயால் விவரிப்பதைவிட அது மேல்.

உறவினர்களின் வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொந்தத்துக்குள் கட்டியதால் வந்தது என்பார்கள். சொந்தமில்லை என்றால், கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள் என்பார்கள். மச்சான் மச்சாள் திருமணத்தில் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு பொதுவான 2 முதல் 3 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது உண்மைதான். ஆனால் அத்தகைய தம்பதியரின் பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். மேலே சொன்ன ஆய்வில் காரணம் கிடைத்த பிள்ளைகளுள் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரில், அந்த மாற்றம் தாயிடமும் தந்தையிடமும் இல்லாமல் பிள்ளையில் புதிதாக ஏற்பட்டது. யாருடைய இரத்தம் என்று விசாரணை நடத்துபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கேட்பார்களா என்பது வேறு விடயம்.

இரண்டாவது பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். மாற்றம் புதிதாக ஏற்பட்டதென்றால் மீண்டும் வரும் வாய்ப்பு பொதுவாக ஏறத்தாழ 1 சதவீதம். தாயும் தந்தையும் அறிகுறியின்றிச் சுமந்து, இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே பிள்ளைக்கு நோய் தரும் ஒடுங்கு மரபணு என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம். இவ்வளவு இடைவெளியுள்ள இரண்டுக்கும் நடுவில் ஊகத்தில் முடிவெடுக்க வேண்டாம். அறிக்கை வர மாதங்கள் ஆகலாம் என்பதால், கருத்தரிக்கும் முன்பே மரபியல் ஆலோசனைக்குச் செல்லுங்கள். கணவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். மூவரின் இரத்தத்தையும் ஒன்றாகப் பார்த்தால்தான் மாற்றம் வழிவந்ததா, புதியதா என்பதை நம்பிக்கையுடன் சொல்ல முடியும்.