சனிக்கிழமை ராத்திரி அறையில் இருக்காதே, தம்பி

தம்பி, ஓசூர் சிப்காட்டில் வேலை, ஐந்து பேர் ஒரே அறை, சம்பளம் வந்த சனிக்கிழமை கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி போய் பாட்டிலோடு வருகிறார்கள், இரண்டு முறை நானும் குடித்துவிட்டேன், ஞாயிறு ஆராதனையில் தலை நிமிர முடியவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு கனத்துப்போனது. நானும் பென்னாகரத்திலிருந்து இருபது வயதில் ஓசூருக்கு வந்தவன்தான்.

சோதனை வருவது பாவமில்லை. இயேசுவே வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டார். குடித்தது தப்பு, சரி; அதற்காக சபைக்குப் போவதை நிறுத்திவிடாதே. இயேசுவின் சீஷன் பேதுரு, அவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவர்; அவரையே இயேசு மறுபடியும் சேர்த்துக்கொண்டார்.

நான் செய்த தவறு, அதே அறையில் உட்கார்ந்துகொண்டு ஜெபத்தாலேயே ஜெயித்துவிடலாம் என்று நினைத்தது. மூடி திருகும் சத்தம் கேட்டாலே மனசு இளகிவிடும். வேதத்தில் ஆதியாகமம் 39இல், எஜமானின் மனைவி தன்னோடு படுக்க அழைத்தபோது யோசேப்பு நாள்தோறும் மறுத்துப் பார்த்தார்; கடைசியில் வஸ்திரத்தையே விட்டுவிட்டு ஓடினார். நீயும் ஓடு. ஷிப்ட் முடிந்ததும் தர்மபுரி பஸ் ஏறி வீட்டுக்குப் போ. முடியாவிட்டால் சபை வாலிபர் யாராவது ஒருவர் வீட்டில் படுத்துக்கொள். அப்புறம், சம்பளத்தில் பாதியை அன்றைக்கே அம்மா கணக்கில் போட்டுவிடு.

நண்பர்களிடம் 'வயிறு சரியில்லை' என்று சாக்கு சொல்லாதே, அடுத்த வாரமும் கேட்பார்கள். 'நான் குடிக்க மாட்டேன், சாப்பிட மட்டும் வரேன்' என்று முகத்தைப் பார்த்துச் சொல். எனக்கு மூன்றாவது வாரத்தோடு கேட்பது நின்றது. அதில் ஒருவன் எனக்கென்று தனியாகப் பன்னீர் சோடா வாங்கி வைக்க ஆரம்பித்தான்.