மீன் எப்படிச் செத்தது என்று கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வஞ்சிரம் வாங்கும்போது செவுள் சிவப்பாக இருக்கிறது, கண் பளிச்சென்று இருக்கிறது, வாடையும் இல்லை. ஆனால் ஒரு வாரம் வாங்கியது தவாவில் போட்டால் துண்டு உடையாமல் நிற்கிறது, அடுத்த வாரம் அதே கடையில் வாங்கியது குழம்பில் விழுந்ததுமே இதழ் இதழாகப் பிரிகிறது. பழைய மீனைத் தலையில் கட்டிவிடுகிறாரா?
*(வாசகி, சென்னை)*

பதில்: கடைக்காரர் மேல் அவசரப்பட்டுக் கோபப்படாதீர்கள், இரண்டுமே ஒரே வயது மீனாக இருக்கலாம். எத்தனை நாள் ஆன மீன் என்று மட்டும்தான் நாம் கேட்கிறோம், அது எப்படிச் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

மீனின் தசையில் கிளைகோஜன் என்று ஒரு சர்க்கரை இருப்பு உண்டு. வலையில் சிக்கித் துள்ளும்போதும், தூண்டிலில் மாட்டி நெடுநேரம் இழுபடும்போதும், தளத்தில் கிடந்து மூச்சுக்குத் தவிக்கும்போதும் அந்த இருப்பு கரைந்து லாக்டிக் அமிலமாகத் தசையிலேயே சேர்கிறது. கடலில் தப்பித்துப் போனால் ஓய்வெடுத்து அதைச் சரிசெய்துகொள்ளும், துடித்துக்கொண்டே செத்தால் அமிலம் அங்கேயே தங்கிவிடும். அப்புறம் விறைப்பு. செத்த மீனின் தசையில் ஏடிபி என்கிற ஆற்றல் தீர்ந்ததும் தசை இறுகிவிடும். அடங்கிச் செத்த மீனில் இது மெதுவாக, ஐஸில் குளிர்ந்த பிறகு வரும். களைத்துச் செத்த மீனில், உடம்பு இன்னும் சூடாக இருக்கும்போதே, சீக்கிரமாகவும் பலமாகவும் வரும். அந்த இழுப்பில் சதை அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துபோகிறது. வெளியே தோலும் கண்ணும் செவுளும் அப்படியே இருக்கும், சட்டியில் போடும்போதுதான் கிழிசல் தெரியும்.

நம் கடலில் வஞ்சிரம் நிறைய வருவது செவுள்வலையில். சாயங்காலம் வலையை விட்டு விடிவதற்கு முன் இழுப்பார்கள். விட்டதும் மாட்டிய மீன் துள்ளிச் செத்து, இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் தொங்கிக்கொண்டிருக்கும், இழுப்பதற்குச் சற்று முன் மாட்டியது உயிரோடு ஏறும். ஒரே வலை, ஒரே படகு, ஒரே ஐஸ் பெட்டி, ஒரே விலை! உங்களுக்கு ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது.

வாங்கும்போது துண்டு போடச் சொல்லி வெட்டிய முகத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே விரிசல் விட்டிருந்தாலோ, நடுமுள்ளை ஒட்டி ரத்தம் கட்டியிருந்தாலோ குழம்புக்கு வேண்டாம், புட்டு செய்ய வைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் இழுபடாமல் உயிரோடு ஏறிய தூண்டில் மீன் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குங்கள், அந்த விலை நியாயமானது. இழுவைமடியில் வருவதற்கு இன்னொரு கஷ்டம், மடியின் அடியில் இருக்கும் மீன் மேலே இருக்கும் பாரம் முழுவதையும் தாங்கி நசுங்கித்தான் மேலே வருகிறது.

கேள்வி: நாங்கள் ஃபைபர் படகில் போய்க் கைத்தூண்டிலில் கேரை (மஞ்சள்துடுப்புச் சூரை) பிடிக்கிறோம். நல்ல பெரிய மீன். ஆனால் ஏற்றுமதிக்கு எடுப்பவர்கள் குழல் ஊசியைக் குத்தி ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, வெளுத்துப்போச்சு என்று பாதி விலை சொல்கிறார்கள். ஐஸ் தாராளமாகப் போட்டும் ஏன் இப்படி?
*(வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்)*

பதில்: தம்பி, ஐஸுக்கு வருவதற்கு முன்பே அந்தச் சதை கெட்டுவிட்டது. சூரை இன மீன்கள் சுற்றியிருக்கும் தண்ணீரைவிட உடம்பைச் சூடாக வைத்துக்கொள்பவை. தூண்டிலில் மல்லுக்கட்டும்போது அந்தச் சூடு இன்னும் ஏறும். கூடவே அமிலமும் ஏறும். சூடும் அமிலமும் சேர்ந்தால் தசையின் புரதம் உருக்குலைந்துபோகும், சதை வெளுத்து, நீர் கோர்த்து, நாக்கில் லேசாகப் புளிக்கும். நடுமுள்ளுக்குப் பக்கத்தில்தான் இது ஆரம்பிக்கும், ஏனென்றால் சூடு அங்கேதான் அதிகம். அதனால்தான் ஊசியை அவ்வளவு ஆழமாகக் குத்துகிறார்கள். குழம்புக்கு அந்த மீன் போகும், பச்சையாகச் சாப்பிடும் ஜப்பான் சந்தைக்குப் போகாது. விலை விழுவது அங்கேதான்.

அதனால் வேலையை மீன் படகோரம் வந்த நொடியிலிருந்து தொடங்க வேண்டும். கொக்கியைத் தலையில் மட்டும் போடுங்கள், வயிற்றிலோ முதுகிலோ போட்டால் அந்த இடம் வீண். தளத்தில் தடதடவென்று அடித்துக்கொள்ள விடாமல் நனைத்த சாக்கோ மெத்தையோ போட்டு அதன் மேல் இறக்குங்கள், கண்ணை ஈரத்துணியால் மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டு கண்ணுக்கும் நடுவே, சற்று மேலே, விரலால் தடவினால் மெத்தென்று ஓர் இடம் தெரியும், கூரான கம்பியை அங்கே இறக்கினால் மூளை. சரியாக இறங்கினால் உடம்பு ஒருமுறை விலுக்கென்று சிலிர்த்து, வாய் திறந்து, தளர்ந்துவிடும். அதே துளை வழியாக நீளமான மெல்லிய கம்பியைத் தண்டுவடத்துக்குள் விட்டால் மிச்சத் துடிப்பும் நிற்கும். ஜப்பானில் இதை இகெஜிமே என்கிறார்கள், பல தலைமுறையாகச் செய்கிறார்கள்.

மூளை போனாலும் இதயம் சில நிமிஷம் அடிக்கும். அந்த நேரத்துக்குள் ரத்தத்தை வடித்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் வடியாது. பக்கத் துடுப்பின் அடியிலிருந்து மூன்று விரற்கடை பின்னால், இரண்டு பக்கமும், ஆழமில்லாமல் ஒரு கீறல். செவுளிலும் ஒரு வெட்டு. கடல் தண்ணீரை விட்டுக்கொண்டே இருங்கள். பிறகு செவுளும் குடலும் எடுத்து, கழுவி, கடல் தண்ணீரும் ஐஸ்தூளும் கலந்த தொட்டியில் முழுக்க முக்குங்கள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மீனைச் செருகினால் கட்டி படும் இடம் மட்டும்தான் குளிரும், கலவை எல்லாப் பக்கமும் தொடும், பூஜ்யத்துக்கும் கொஞ்சம் கீழேகூடப் போகும்.

ஐஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 30 டிகிரியில் இருக்கும் மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஐஸே போதும். ஆனால் நம் வெயிலில் மிச்சமெல்லாம் பெட்டிக்கு வெளியே இருக்கும் சூட்டோடு சண்டை போட்டே கரைந்துவிடுகிறது. அதனால்தான் கிலோவுக்குக் கிலோ ஐஸ் என்பது. விறைத்து வளைந்த மீனைப் பெட்டிக்கு அடங்கவில்லை என்று நிமிர்த்தாதீர்கள், அப்போது கிழிகிற சவ்வு ஒட்டாது. விறைப்பதற்கு முன்பே நேராகப் படுக்க வையுங்கள்.

இவ்வளவும் செய்து கொண்டுவரும் மீனைச் சும்மா வீசி வந்த மீனோடு ஒரே குவியலில் ஏலம் விடுவது பெரிய அநியாயம். நாலைந்து படகுகள் சேர்ந்து, தனியாக அடையாளம் கட்டி, தனியாக விலை பேசுங்கள்.

கேள்வி: சூரை மீன் குழம்பு சாப்பிட்ட அரைமணி நேரத்தில் வீட்டில் மூன்று பேருக்கு முகம் சிவந்து, அரிப்பு, படபடப்பு. மூன்று பேருக்குமா மீன் ஒவ்வாமை? ஃபார்மலின் கலந்திருப்பார்களோ?
*(வாசகி, திருச்சி)*

பதில்: ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு என்றால் ஒவ்வாமையைவிட, அதே போன்ற அறிகுறிகளைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சூரை, அயிலை, மத்தி போன்றவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் மீன் சில மணி நேரம் கிடந்தால் செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு. இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், கொதிக்க வைத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது, கருவாடாக்கினாலும் போகாது, வாடையிலும் தெரியாமல் இருக்கலாம். சாப்பிடும்போது நாக்கில் மிளகு போலச் சுருக்கென்று குத்தினால் அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள். மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மீன் வாங்கிக்கொண்டு இன்னும் நாலு கடை ஏறி இறங்கும் பழக்கமும் இதற்கு ஒரு காரணம், மீனைக் கடைசியாக வாங்குங்கள்.

கேள்வி: உயிரோடு இருக்கிறதே என்று விரால் வாங்குகிறேன். அதுதானே எல்லாவற்றிலும் நல்லது?
*(வாசகர், தஞ்சாவூர்)*

பதில்: உயிரோடு இருப்பது நல்லதுதான், ஆனால் எந்த நிலையில் என்று பாருங்கள். விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன், அதனால் ஒரு சாண் தண்ணீரில் நெருக்கி அடைத்தாலும் சாகாது, பட்டினியிலும் நெரிசலிலும் நாள்கணக்கில் கிடக்கும். உடம்பில் புண், பஞ்சு போல வெள்ளைப் படலம், வழுவழுப்பு போன தோல் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம், உயிரோடே சாம்பலும் உப்பும் போட்டுத் தரையில் தேய்க்கும் வழக்கத்தை நிறுத்துங்கள், மீனுக்கு அது கொடுமை, சதைக்கும் கேடு. எடை போட்டதும் தலையில் கத்தியின் பின்பக்கத்தால் ஓங்கி ஓர் அடி போட்டுத் தரச் சொல்லுங்கள், வழுவழுப்பை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.