யாருக்கும் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயாவுக்கு,

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து 42 நாட்கள் ஆகின்றன. இன்னும் பெயர் வைக்கவில்லை. அஸ்த நட்சத்திரம் என்பதால் பு, ஷ, ண, ட என்று ஜோதிடர் நான்கு எழுத்து கொடுத்திருக்கிறார். கூட்டுத்தொகை 5 வர வேண்டும் என்கிறார் என் அப்பா. என் மாமியார் பெயர் பேச்சியம்மாள். தன் பெயரை வைக்கலாமே என்று ஒரே ஒருமுறை சொன்னார், அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நல்ல மனுஷிதான். ஆனால் பேச்சியம்மாள் என்பது கேட்கவே ஒரு மாதிரியான, ரொம்பப் பழைய பெயர். பள்ளியில் கேலி செய்வார்கள். பேச்சியம்மாளின் பேத்தி என்றால் போதாதா, பெயரும் வேண்டுமா?

எனக்குத் தமிழ்ப் பெயர்தான் வேண்டும். சின்னதாக, புதிதாக, வேறு யாருக்கும் இல்லாததாக. நாளைக்கு வெளிநாடு போனாலும் கூப்பிட வசதியாக இருக்க வேண்டும். செயலிகளில் தேடி 300 பெயர் எழுதிவைத்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நீங்கள் ஒரு பெயர் சொல்ல முடியுமா?

ம., சென்னை

அன்புள்ள ம.,

குழந்தைக்கு என் முத்தம். 42 நாள் என்றால் இப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கைபேசியில் 300 பெயரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கூட்டுத்தொகை பார்க்கிறவர்கள் ஆங்கில எழுத்துக்குத்தான் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பெயர் வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டு அதை ஆங்கிலத்தில் எழுதிக் கூட்டிக் கழிப்பதில் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. நட்சத்திர எழுத்துக்கு வருவோம். ண, ட இரண்டும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராதவை. ஷ தமிழ் எழுத்தே இல்லை. அந்த அட்டவணை வேறொரு மொழியின் எழுத்துகளை வைத்துப் போட்டது. அதில் தமிழ்ப் பெயரைத் தேடினால் 'பு' ஒன்றுதான் மிஞ்சும். வெளிநாட்டுக்காரர் நாக்குக்கு வசதி பார்ப்பதை அவள் வெளிநாடு போகும்போது அவளே பார்த்துக்கொள்வாள்.

அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அது ஆஸ்பத்திரி வழியாகவே நடந்திருக்கும். பெயர் இல்லாமல் பதிந்திருந்தால், பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கப்புறமும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். ஆகவே யார் விரட்டினாலும் பயப்படாதீர்கள்.

இனி, 'வேறு யாருக்கும் இல்லாததாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்கு வருகிறேன்.

யாருக்கும் இல்லாத பெயர் எதற்கு அம்மா? யாருக்கும் இல்லாத சட்டை, யாரிடமும் இல்லாத வண்டி என்று ஆசைப்படுவது புரிகிறது. பெயரிலும் அதே ஆசை எப்படி வந்தது? நம் மொழியில் மகனின் மகனை எப்படிச் சொல்கிறோம்? பேரன். அது பெயரன் என்ற சொல். பெயரை உடையவன், தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். பேத்தி என்பது பெயர்த்தி. அந்த உறவுக்கே பெயரை வைத்துத்தான் சொல் உண்டாக்கியிருக்கிறார்கள். நற்றிணையில் 40ஆவது பாட்டு. மனைவிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, வேறு பெண்ணிடம் போயிருந்த கணவன் நடுராத்திரியில் கள்வனைப் போல வீட்டுக்குள் வருகிறான். ஏன் வந்தான் என்றால், 'சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே'. தன் தகப்பனின் பெயரைக் கொண்டவன் பிறந்துவிட்டான், அதனால் வந்தான். நீங்கள் 'பேச்சியம்மாளின் பேத்தி என்றால் போதாதா, பெயரும் வேண்டுமா' என்று கேட்டிருக்கிறீர்கள். பேத்தி என்று எழுதும்போதே பெயரையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். மூத்த பையனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் மு. ராமசாமியின் மகன் ரா. முத்தையா, அவன் மகன் மறுபடியும் மு. ராமசாமி. இரண்டே பெயர் ஒரு குடும்பத்தில் நூறு, நூற்றைம்பது வருடம் மாறி மாறி வரும். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று ஒருவர் விட்டு ஒருவர் பட்டம் வைத்துக்கொண்டது போலத்தான். சம்சாரி வீட்டிலும் அது நடந்தது.

பெயரை வைத்தே ஊரையும் சொல்லிவிடலாம். தாணுமாலயன் என்றால் சுசீந்திரம். குற்றாலிங்கம் என்றால் தென்காசிப் பக்கம். நெல்லையப்பன், காந்திமதி இருவரும் எந்த ஊர் என்று சொல்லவே வேண்டாம். அர்த்தநாரி என்றால் திருச்செங்கோடு, குஞ்சிதபாதம் என்றால் சிதம்பரம். நாகூர் மீரான் எந்தத் தர்காவில் வேண்டிக்கொண்டு பிறந்தவர் என்று அவர் பெயரே சொல்லும். ஒச்சாயி, ஒச்சம்மாள் என்று கேட்டால் உசிலம்பட்டிப் பக்கம், பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கும்பிடுகிறவர்கள். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயரைச் சொன்னவுடன் 'நம்ம பக்கமா?' என்று முகம் மலர்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உங்கள் செயலியில் இருக்கிற பெயர்களுக்கு எந்த ஊர்?

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பெயரே தண்டனையாக இருந்தவர்கள் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினரை நல்ல பெயர் வைக்கவிடாமல் ஊர் அதிகாரம் செய்தது. ஆண் பிள்ளை வேண்டும் என்று பெண்ணுக்குப் 'போதும்பொண்ணு' என்றும், சில ஊர்களில் 'வேண்டாம்' என்றே கூடவும் பெயர் வைத்தார்கள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். வேதாசலம் மறைமலையானதும், நாராயணசாமி நெடுஞ்செழியனானதும், ராமையா அன்பழகனானதும் வடமொழிப் பெயரை விட்டுத் தமிழ்ப் பெயர் எடுக்க வேண்டும் என்ற ஒரு காரணத்துக்காக. அந்தப் பெயர்களை மாற்றியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. எதை விட்டுவிட்டு எதை எடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 'ஒரு மாதிரியாக இருக்கிறது' என்று சொல்வது அந்தக் கணக்கில் சேராது.

புதுப் பெயர் எத்தனை நாளைக்குப் புதிது? நானும் 1987இல் என் மகளுக்கு ரொம்பப் புதிது என்று நினைத்து ஒரு பெயர் வைத்தேன். அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அதே பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். ஆசிரியர் இனிஷியலோடு கூப்பிட்டார். அந்தப் பெயரை வைப்பதற்கு முன்னால் என் அம்மா 'எம் பேரை வைக்கலாம்ல' என்று ஒருமுறை கேட்டாள். நான் சிரித்தேன். அவள் அப்புறம் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை சொன்னார் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதில்.

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் தலைத்திவசம். பத்திரிகைக்குக் கொடுக்க அவள் பெயரை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்திருந்தேன். என் மகள் வயிற்றுப் பேத்தி, பதினோரு வயது, எடுத்துப் பார்த்துவிட்டு 'ஒச்சம்மாள்னா யாரு தாத்தா?' என்று கேட்டாள். அம்மா மடியில் வளர்ந்தவள் அவள். எல்லோரும் அப்பத்தா, அப்பத்தா என்றே கூப்பிட்டோம். 88 வருடம் இருந்த ஒருத்தியின் பெயர் வீட்டுக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

அம்மாவுக்கும் பெயருக்கும் இன்னொரு வழக்கும் இருந்தது. எனக்குத் தாத்தா பெயர், முத்துக்கருப்பன். தாத்தா என்றால் அம்மாவுக்கு மாமனார். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அதனால் பெற்ற பிள்ளையை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'அய்யா' என்பாள். நம் வீடுகளில் இத்தனை அய்யாவும் அப்புவும் ஆத்தாவும் துரையும் பாதி கொஞ்சலில் வந்தவை, மீதிப் பாதி இப்படிச் சொல்ல முடியாத பெயருக்குப் பதிலாக வந்தவை.

1963 சித்திரை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரைக்குப் போனோம். எனக்கு ஐந்து வயது முடியவில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. ஆழ்வார்புரம் பக்கம் ஆற்று மணலில் நின்றோம். குதிரை வாகனம் தெரிந்ததும் 'கோவிந்தா' என்று கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது. அப்பாவின் கை விட்டுப்போனது. என்னை நீர்மோர்ப் பந்தலில் இருந்த ஒரு அம்மா இழுத்து ஓரமாக உட்காரவைத்து ஒரு டம்ளர் பானக்கம் கொடுத்தார். பேர் என்ன என்று கேட்டார். 'அய்யா' என்றேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், நானும் அதையே சொன்னேன்.

அதே நேரத்தில் அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு போலீஸ் பந்தலில் நின்றிருக்கிறாள். அப்பா மணலில் தேடிக்கொண்டிருந்தார். மைக் பிடித்தவர் பையன் பேர் கேட்டார். அம்மா, 'எங்க மாமா பேருங்க' என்றாள். 'உங்க மாமா பேரு எனக்கு எப்படிம்மா தெரியும்?' அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பின்னால் இருந்த ஒரு கிழவி, 'சொல்லு தாயி, பிள்ளையைவிடப் பெருசா?' என்று முதுகைத் தட்டியிருக்கிறாள். அம்மா பந்தல் கம்பின் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சொன்னாள்.

ஒலிபெருக்கியில் வந்தது. முத்துக்கருப்பன், வயது ஐந்து, நீலச் சட்டை. எனக்கு நன்றாகக் கேட்டது. ஊரில் எங்கள் வீட்டை முத்துக்கருப்பன் வீடு என்பார்கள், அது தாத்தா பெயர் என்று தெரியும். செத்துப்போன தாத்தாவை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பானக்கத்தைக் குடித்தேன். பந்தல்காரம்மா சட்டையைப் பார்த்துத்தான் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அப்பா சொல்லச் சொல்ல நான் என் பெயரைத் திருப்பிச் சொன்னேன். உசிலம்பட்டி வரைக்கும் சொன்னேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். மாமனார் பெயரைச் சொன்ன குற்றத்துக்கு ஏழு வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டாள். கடைசி வரைக்கும் மறுபடி ஒருமுறைகூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு 60 வயதுக்கு மேல் ஆன பிறகும் 'அய்யா, சாப்பிட்டியா' தான். அவளை அப்படி வைத்திருந்த வழக்கத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்தைப் பாருங்கள். மாமியாரின் பெயரை மூன்று இடத்தில் முழுசாக எழுதியிருக்கிறீர்கள். கை நடுங்கவில்லை, விளக்குப் போட வேண்டியதில்லை. என் அம்மாவுக்குக் கிடைக்காத இந்தச் சுதந்திரத்தைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். வாசலில் நின்று 'பேச்சி, இங்க வாடி' என்று மகளை உரக்கக் கூப்பிட உங்களால் முடியும். எங்கள் பக்கத்து மருமகள்கள் எத்தனை பேரால் அது முடிந்தது? கிடைத்த சுதந்திரத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெயர் ஒரு மாதிரி என்று எழுதுகிறீர்களே, அதுதான் வருத்தம்.

பேச்சி யார் என்று தெரியுமா? பிரசவத்துக்கும் பச்சைக் குழந்தைக்கும் காவல் நிற்கிற தெய்வம். பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவளிடம்தான் வேண்டிக்கொள்வார்கள். மதுரையில் வைகைக்கரையில் அவள் பெயரில் ஒரு படித்துறையே இருக்கிறது. இரண்டே அசை, தமிழ், சின்னது. இன்றைக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் அதே பெயரில் நான்கு பேர் இருக்கமாட்டார்கள்.

அதையே வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெயர் வைக்கிறது நீங்களும் உங்கள் கணவரும். அவர் இதில் வாயே திறக்கவில்லை போலிருக்கிறது, அவரையும் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக் காலையில் உங்கள் மாமியார் காலை நீட்டி, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்ப்பார் இல்லையா, அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள், யாருடைய பெயர் அது என்று கேளுங்கள். அவருடைய அப்பத்தாவாக இருக்கலாம். பிரசவத்தில் போன ஒரு பெரியம்மாவாக இருக்கலாம். ஏதோ ஒரு வேண்டுதலாகவும் இருக்கலாம். தண்ணீர் ஊற்றி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இன்னும் பத்து மாதத்துக்கு மேல் இருக்கிறது.

அன்புடன்,
முத்துக்கருப்பன்