செக் திரும்பினால் காலண்டரை எடுங்கள்
சிறுதொழில் சட்டம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: திருப்பூரில் பனியன் துணிக்கு பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்கிறேன். ஒரு கம்பெனி 4,60,000 ரூபாய் பாக்கி வைத்து ஏழு மாதமாகிறது. நெருக்கிக் கேட்ட பிறகு 4,00,000 ரூபாய்க்கு செக் தந்தார்கள். கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. ‘அடுத்த மாதம் மறுபடி போடுங்கள்’ என்கிறார்கள். பொறுக்கலாமா?

பதில்: செக்கில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம் முடியும்வரை அதை மறுபடி போடலாம். அதற்குள் எத்தனை நாள் மிச்சம் என்று முதலில் பாருங்கள். கடைசியாகத் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் பணத்தைக் கேட்டு கம்பெனிக்கு நோட்டீஸ் போகாவிட்டால், செக் திரும்பியதற்கான செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவில் வழக்குப் போட முடியாது.

செக் திரும்பியதாக வங்கி தரும் சீட்டு, அதாவது ரிட்டர்ன் மெமோ, ஜூன் 5-ல் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 5-க்குள் நோட்டீஸ் தபாலில் சேர வேண்டும். அவர்கள் அதை ஜூலை 10-ல் வாங்கினால், பணம் கட்ட 15 நாள், அதாவது ஜூலை 25 வரை அவகாசம். அதற்கு முன்னால் போடும் வழக்கு நிற்காது. ஜூலை 26-க்குப் பிறகு போடுங்கள், ஆகஸ்ட் 25-ஐத் தாண்ட விடாதீர்கள். உங்கள் கணக்கு இருக்கும் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறதோ அங்கேதான் வழக்கு. கம்பெனியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

பலர் சறுக்குவது நோட்டீஸில்தான். மொத்தப் பாக்கி 4,60,000-ஐக் கொடு என்று ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். செக் தொகை 4,00,000-ஐத் தெளிவாகத் தனியே கேட்க வேண்டும். மீதி 60,000-ஐ வேறு பத்தியில் எழுதலாம். இன்னொரு தவறு, கையெழுத்துப் போட்ட இயக்குநரை மட்டும் எதிரியாக்குவது. செக் கம்பெனிக் கணக்குடையது என்றால் கம்பெனியையும் சேர்த்தாக வேண்டும். இடையில் ஜிபேயில் 50,000 வாங்கிக்கொண்டு பழைய செக்கை முழுத் தொகைக்கே மறுபடி போடுவதும் வழக்கைக் கெடுக்கும். வாங்கிய தொகையைச் செக்கின் மேலேயே குறித்துவிட்டுத்தான் போட வேண்டும். அதைவிட மிச்சத்துக்குப் புதுச் செக் கேட்பது நல்லது.

இதோடு இன்னொரு வழியும் உங்களுக்கு இருக்கிறது. வேலை எடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு, வைத்திருந்தீர்களா? அப்படியானால் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஆர்டரில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். பில், டெலிவரி சலான், சரக்கு பெற்றதற்கான கையெழுத்து மூன்றும் வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைத்தால், கம்பெனி 75 சதவீதத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தச் சலுகை இல்லை. நீங்கள் ஜாப் ஒர்க் செய்பவர் என்பதால் கவலை வேண்டாம்.

கேள்வி: மதுரையில் ஒரு டீக்கடை பிராண்டின் ஃபிரான்சைஸ் எடுக்கப் போகிறேன். ஒப்பந்தம் 38 பக்கம், ஆங்கிலத்தில். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஃபிரான்சைஸுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. அந்த 38 பக்கம்தான் உங்களுக்குச் சட்டம், அதனால் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் பிராண்டின் பெயரைத் தேடுங்கள், இலவசம்தான். டீக்கடைச் சேவைக்கு 43-வது வகுப்பில் பதிவாகியிருக்க வேண்டும். விண்ணப்பம் மட்டும் போட்டு ஆட்சேபத்தில் கிடக்கும் பெயருக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கொடுப்பது ஆபத்து. பதிவில் உள்ள உரிமையாளரும் உங்களோடு ஒப்பந்தம் போடுபவரும் ஒருவரேதானா என்றும் பாருங்கள்.

பிராண்டுக்குத் தொடர்ந்து கட்டும் பங்கான ராயல்டி விற்பனையிலா லாபத்திலா என்பது அடுத்தது. விற்பனையில் என்றால் நஷ்டமான மாதத்திலும் கட்ட வேண்டும், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. திரும்ப வராத கட்டணத்தையும் திரும்ப வர வேண்டிய டெபாசிட்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கடை வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் மூன்று வருடம், ஃபிரான்சைஸோ ஒரு வருடத்தில் ரத்தாகலாம் என்று இருந்தால், மீதி இரண்டு வருட வாடகை உங்கள் தலையில். தகராறு வந்தால் மத்தியஸ்தம் டெல்லியில் என்ற வரி இருந்தால் மதுரை என்று மாற்றக் கேளுங்கள். இரண்டு லட்ச ரூபாய் டெபாசிட்டுக்காக டெல்லிக்கு எத்தனை முறை போக முடியும்?

ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு வருடம் டீக்கடை நடத்தக் கூடாது என்ற நிபந்தனை, ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் பெயர்ப் பலகை, கப், மெனு கார்டு எல்லாவற்றிலும் அவர்கள் பெயரை நீக்கிவிட வேண்டும்.

கேள்வி: என் மொபைல் கடைப் பையன் நான்கே மாதத்தில் சொல்லாமல் நின்றுவிட்டான். அவனுடைய ஒரிஜினல் மார்க் ஷீட் என்னிடம் இருக்கிறது. ஒரு வருடம் வேலை பார்ப்பதாக எழுதித் தந்த பாண்டும் உண்டு. பணம் கட்டினால்தான் தருவேன் என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. மார்க் ஷீட்டை உடனே கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பாண்டில் 50,000 என்று எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்டம்தான் கேட்க முடியும். பயிற்சிக்குச் செலவழித்த பில் இருந்தால் அந்தத் தொகைக்கு நோட்டீஸ் அனுப்பலாம். வேலை பார்த்த நாள்களின் சம்பளத்தைப் பிடித்து வைக்காதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும்.