வாய்ப்புற்று கழுத்துக்குப் பரவுவதில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் பங்கு என்ன? எச்சில் டெஸ்ட்டில் அது தெரிந்துவிடுமா?

நீங்கள் இதைப் பரீட்சைக்காகக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். வீட்டில் யாருக்கோ பயாப்சி ரிப்போர்ட் வந்திருக்கும், யாரோ வாட்ஸ்அப்பில் எச்சில் டெஸ்ட் பற்றி அனுப்பியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நான் டாக்டர் இல்லை, கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் நடத்துகிறேன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு குட்டி மரபுச் சரம், சுமார் 22 எழுத்து நீளமே உள்ளது. அது புரதம் எதையும் உண்டாக்காது. புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் எம்.ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு உற்பத்தியை அடக்கும். 1993-இல் ஒரு புழுவில் இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஆம்ப்ரோஸ், ரவ்கன் இருவருக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது. கன்னத்தின் உள்பக்கச் செல்கள் ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை அறுக்கும் ஸெப்1, ஸெப்2 புரதங்களை மிர்-200 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. குடும்பம் அடக்கி வைத்திருக்கும் ('மிர்' என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சுருக்கம்). புற்றில் மிர்-200 குறைந்தால் ஸெப் தலைதூக்கும், செல்கள் பிடிவிட்டு நகரும். மிர்-21 நேர்மாறு: அது கூடும்போது பிடென் (PTEN) போன்ற, செல் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் புரதங்கள் குறையும். நழுவிய செல்கள் நிணநீர் வழியாக முதலில் போய்ச் சேர்வது கழுத்து முடிச்சுகளில்.

என் பெரியப்பாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம். இடது கன்னத்தில் புண். வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. ஸ்கேனில் கழுத்து சுத்தம். ஆனாலும் சர்ஜன், கன்னத்தோடு கழுத்து முடிச்சுகளையும் எடுக்க வேண்டும் என்றார். "ஒண்ணுமே இல்லைன்னு ஸ்கேன்ல வந்திருக்கு, அப்புறம் எதுக்குக் கழுத்தை அறுக்கணும்?" என்று அத்தை மகன் குதித்தான். ஒரு தனியார் லேப்பில் எச்சிலில் மிர்-31 பார்த்தால் பரவியது தெரியுமாம், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றான். பெரியப்பா என்னைப் பார்த்து, "நீ படிச்சவ, நீயே சொல்லும்மா" என்றார்.

வாய்ப்புற்று நோயாளிகளின் எச்சிலில் மிர்-31 கூடுதலாக இருப்பது ஆய்வுகளில் வந்த உண்மைதான். ஆனால் எச்சிலை எடுக்கும் விதம், ஒப்பிட எதை வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அளவு மாறும். இந்த அளவைத் தாண்டினால் கழுத்துக்குப் போய்விட்டது என்று சொல்ல எல்லோரும் ஏற்ற கோடு கிடையாது. நான் காட்டியது டாடா மெமோரியல் மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வு. கழுத்தில் கட்டி தெரியாத ஆரம்பநிலை நோயாளிகளில், முடிச்சுகளையும் அப்போதே எடுத்தவர்களில் 3 ஆண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள் 80 சதவீதம். வந்தால் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. ஆபரேஷனுக்குப் பின் வந்த ரிப்போர்ட்டில் புற்று 6 மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருந்தது. ஸ்கேனில் தெரியாத ஒரு முடிச்சில் செல்கள் உட்கார்ந்திருந்தன.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இன்னும் ஆறவில்லை. அவர் தேறி வந்தபின் ஒரு விசேஷத்தில் சொந்தக்காரர்களே அவருக்கு மட்டும் தனி டம்ளரில் காபி கொடுத்தார்கள். வாய்ப்புற்று ஒட்டுவாரொட்டி இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. படித்தவர்களே அப்படிச் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆராய்ச்சியை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். நான் மாணவர்களுக்குச் சொல்லித்தருவதே இதைத்தான். மிர்-34-ஐ மருந்தாகக் கொடுத்துப் பார்த்த சோதனை, நோயாளிகளுக்கு வந்த கடுமையான எதிர்ப்புச் சக்தி விளைவுகளால் 2016-இல் நின்றுபோனது. இந்தத் துறை எவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் சர்ஜனிடம் கேட்க வேண்டியது, ஆழம் எத்தனை மில்லிமீட்டர், கழுத்தையும் சேர்த்து எடுக்கிறீர்களா என்று. டெஸ்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தை ஆபரேஷனுக்கு அப்புறம் தேவைப்படும் பிசியோதெரபிக்கும் சத்தான ஆகாரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வாய் திறக்கும் பயிற்சியை டாக்டர் சொன்ன நாளிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.